நெஞ்சுக் குழாயை உருவும் முன் ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் ரவிக்கை தைப்பவள். வயது 67. அதே தளத்தில் 31 வருடமாகத் தைக்கிறேன். கடந்த ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், எனக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதில் ஒரு சின்னப் பகுதியைப் பற்றி, நெஞ்சிலிருந்து குழாயை எடுத்ததைப் பற்றி, எழுத வேண்டும் என்று ஐந்தாறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், தன் கணவருக்கு அடுத்த மாதம் இதே சிகிச்சை என்றார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

அறுவை சிகிச்சை மயக்கத்தில் நடந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று அடைப்பு, கூடவே சர்க்கரை நோய். அதனால் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைப்பதைவிட பைபாஸ்தான் நல்லது என்று டாக்டர் சொன்னார். காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்து, நெஞ்செலும்பைப் பிளந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டு மூடினார்கள். என்னை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய அந்த டாக்டர்களையும் மிஸ்ஸிகள் என்று நாங்கள் கூப்பிடும் தாதியரையும் தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். எந்த மருத்துவமனை என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் சொல்ல வருவது எந்த வார்டிலும் நடக்கக்கூடியது.

கண் விழித்தபோது என் நெஞ்சுக்குக் கீழே மூன்று குழாய்கள் இருந்தன. இரண்டு, நெஞ்செலும்பு முடியும் இடத்தில். ஒன்று, இடது விலாப் பக்கம். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் பருமன். உள்ளே கசியும் இரத்தமும் நீரும் தேங்கிவிடாமல் வெளியே வரவும், நுரையீரலைச் சுற்றிக் காற்று தங்காமல் இருக்கவும் அந்தக் குழாய்கள். அவை கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போய்ச் சேரும். பெட்டியில் தண்ணீர் இருக்கும். நான் மூச்சு விட்டால் தண்ணீர் ஏறி இறங்கும், இருமினால் குமிழி வரும். மிஸ்ஸி வந்து இரத்தம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, பெட்டியில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போவார். கசிவு குறைந்து, காற்று வருவதும் நின்றதும் குழாயை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் நடந்துவிடும்.

அந்தக் குழாய் எப்போது போகும் என்று நானே ஏங்கிக்கொண்டிருந்தேன். மூச்சை ஆழமாக இழுத்தால் விலாவில் குத்தும். திரும்பிப் படுத்தால் குத்தும். பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக வேண்டும். ஆகவே வியாழக்கிழமை காலை டாக்டர்கள் சுற்றில் வந்து “இன்றைக்கு இரண்டு டியூபை எடுத்துவிடலாம்” என்றபோது எனக்குச் சந்தோஷம்தான். டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். என் மகன் தொலைபேசியில் இருந்தான். எடுக்கும்போது கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். நான் மகனிடம் கேட்டேன். “ஒண்ணுமில்லையாம்மா, ரெண்டு நிமிஷ வேலையாம்” என்றான். அம்மா பயந்துவிடக் கூடாதே என்ற எண்ணம் அவனுக்கு. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

காலை ஆறு மணிக்கு வலி மாத்திரை, பெனடோல் இரண்டு கொடுத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு தள்ளுவண்டியோடு இரண்டு மிஸ்ஸிகள் வந்தார்கள். திரையை இழுத்தார்கள், பிளாஸ்டரை உரித்தார்கள். இருவரும் சின்னப் பிள்ளைகள், முகத்தில் நல்ல குணம் தெரிந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஆங்கிலம் வராது. வயதான தமிழர்களுக்கு மலாய் தெரியும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். “அம்மா, டியூப் கெலுவார் யா” என்றார் ஒருவர். குழாய் வெளியே வரப் போகிறது, சரி. பிறகு “தாரிக் நஃபாஸ்” என்றார். மூச்சை இழுக்கச் சொல்கிறார், அதுவும் சரி. இழுத்தேன். அடுத்து “தாஹான், தாஹான்” என்றார்.

ஆசிரியர் அவர்களே, என் மலாய் சந்தை மலாய். விலை, நீளம், நிறம், எப்போது முடியும் என்பதோடு சரி. என் கடையில் ‘தாஹான்’ என்றால் துணி உழைக்குமா என்று அர்த்தம். மலாய்க்காரப் பெண்கள் பட்டை விரலால் தடவிப் பார்த்து “இனி தாஹான்?” என்று கேட்பார்கள். இன்னொரு அர்த்தமும் தெரியும், தாங்கிக்கொள் என்று. வலியைத் தாங்கு, பசியைத் தாங்கு. அவர் ‘தாஹான்’ என்றதும், வலிக்கப் போகிறது, பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னார் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

இழுத்தார். முதலில் ஓர் இழுப்பு. உள்ளே, ரொம்ப உள்ளே, ஒட்டிக்கொண்டிருந்த எதையோ பிய்த்தெடுப்பது போல. அடுத்த நொடி எரிச்சல். காய்ச்சிய கம்பியைச் சதைக்குள்ளிருந்து உருவினால் எப்படி இருக்குமோ அப்படி. நான் கத்திவிட்டேன். கத்திய வேகத்தில் மூச்சு போய், உடனே பெருமூச்சாக உள்ளே இழுத்தேன். மிஸ்ஸி “தாஹான்! தாஹான்!” என்று குரலை உயர்த்தினார். இன்னொருவர் துணியை வைத்து அழுத்தி, நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இரண்டாவது குழாய். இந்த முறை அவர் கை பட்ட உடனே உடம்பு கட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. விறைத்த உடம்பிலிருந்து எதையும் உருவ முடியுமா? முதலாவதைவிட அது மோசம்.

எல்லாம் மூன்று நிமிடம்கூட இருக்காது. சுத்தம் செய்து, பிளாஸ்டர் ஒட்டி, அப்புறம் கேட்டார்: “பெயின், அம்மா? ஸீரோ டு டென்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவாயில்லை” என்றேன். கையால் ஜாடையும் காட்டினேன். அவர் என்னவோ எண் எழுதிக்கொண்டார், இரண்டோ மூன்றோ இருக்கும்.

இதை நான் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். உயிர் போகிற மாதிரி வலித்த பிறகும் ஏன் பரவாயில்லை என்றேன்? அந்தப் பெண் பாவம், வேலையைச் செய்தாள், அவளை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று ஒரு நினைப்பு. வலிக்குது என்று சொன்னால் நம்மைத் தொல்லை பிடித்த கிழவி என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். பிள்ளை பெற்றவள் வலியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று அம்மா காலத்திலிருந்தே ஊறிப்போன பழக்கம். நம் வீட்டுப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான். காய்ச்சல் நூற்று இரண்டு இருந்தாலும் பரவாயில்லை என்போம். ஆனால் அந்தத் தாளில் எழுதப்படும் எண்ணைப் பார்த்துத்தான் அடுத்து என்ன மருந்து, எப்போது என்று யோசிப்பார்கள். என் ‘பரவாயில்லை’யால் எனக்கும் நஷ்டம், எனக்குப் பின்னால் வருபவர்களுக்கும் நஷ்டம்.

வலி ஒரு மணி நேரத்தில் அடங்கியது. அடங்காமல் நின்றது வேறொன்று. அவர் ஏன் குரலை உயர்த்தினார், நான் என்ன தப்புச் செய்தேன் என்ற யோசனை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த அவர் மகளிடம் நான் கேட்டபோதுதான், குழாய் வரும்போது மூச்சை உள்ளே இழுத்தால் அந்த ஓட்டை வழியாகக் காற்று நெஞ்சுக்குள் போகலாம், அதனால்தான் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று சொன்னார். எனக்குக் கை கால் சில்லிட்டுப்போனது. நான்தான் பெருமூச்சாக உள்ளே இழுத்தேனே! குழாய் எடுத்த பிறகு எக்ஸ்ரே எடுப்பது வழக்கமாம். எனக்கும் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்ற பதில் என் காதுக்கு வர மாலை ஐந்தரை ஆனது. அதுவரை ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு, காற்று உள்ளே புகுந்துவிட்டதா, நெஞ்சு இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். மதியச் சாப்பாடு தொடவில்லை.

என் எதிர்க்கட்டிலில் ஈசூனிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், தமிழ் மட்டும்தான் பேசுவார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து நான் கத்தியதைக் கேட்டிருக்கிறார். மதியம் அவருக்குக் குழாய் எடுக்க வந்தபோது இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு விடவே இல்லை. “வேணாம், வேணாம், இது இருக்கட்டும், இதோட வீட்டுக்குப் போறேன்” என்று அழுதார். அன்றைக்கு எடுக்காமலே போய்விட்டார்கள். பிறகு நான் மெதுவாக நடந்துபோய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவர் என் காதோடு கேட்டார்: “ஏம்மா, குழாயோட சேர்ந்து உள்ளே இருக்கிறது எதாச்சும் வந்துடுமா?” எழுபத்து நாலு வயது மனுஷி. அந்தக் கேள்வியை அவர் யாரிடம், எந்த மொழியில் கேட்பார்?

சனிக்கிழமை வந்த மிஸ்ஸியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் கெடா பக்கத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண். என் மூன்றாவது குழாயை எடுக்க வேண்டிய நாள் அது. காலையில் முதல் வேலையாக வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிற்கவில்லை, உட்கார்ந்தார். “அம்மா, இன்னிக்குப் பத்தரைக்கு இதை எடுக்கப் போறேன். எப்படி எடுப்பேன்னு இப்பவே சொல்லிடறேன். வலிக்கும், வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு மூணு செகண்டுதான்” என்றார்.

வலிக்கும் என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையிலேயே என் பயம் பாதி இறங்கிவிட்டது. இவர் பொய் சொல்ல மாட்டார் என்று மனசு நம்பிவிட்டது.

எப்படி வலிக்கும் என்றும் சொன்னார். முதலில் இழுக்கிற மாதிரி, அப்புறம் எரிகிற மாதிரி, அது முடிந்தால் முடிந்தது என்றார். உள்ளே இருப்பது எதுவும் கூட வராது, குழாய் சும்மா உள்ளே கிடக்கிறது, தோலோடு போட்ட ஒரு தையல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். நான் அந்தத் தையலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தொழில் புத்தி. அவர் பிளாஸ்டரைக் கொஞ்சம் விலக்கி, என் மகன் வைத்துவிட்டுப் போயிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். கருப்பு நூல். குழாய் நுழையும் துளையைச் சுற்றி வட்டமாக உள்ளும் புறமும் ஓட்டி, இரண்டு முனையையும் நீளமாக விட்டுக் குழாயில் சுற்றி வைத்திருந்தார்கள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. “அட, இது சுருக்குப் பைத் தையல்!” என்றேன். மிஸ்ஸி சிரித்துவிட்டார். “இங்கிலீஷ்லயும் அதே பேர்தாம்மா” என்றார்.

என் தலையணைக்குக் கீழே என் மாமியாரின் சுருக்குப் பை இருந்தது, திருநீறும் இரண்டு வெள்ளியும் போட்டு. அதை எடுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினேன். வாய் மூடிக்கொண்டது. “இதேதான். நான் குழாயை உருவின நிமிஷமே இன்னொருத்தர் இந்த நூலை இழுத்துடுவாங்க. ஓட்டை மூடிக்கும். நீங்க அதுவரைக்கும் தம் கட்டிட்டு இருந்தா போதும்” என்றார்.

தம் கட்டு. வியாழக்கிழமை யாராவது இந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால்! சின்ன வயதில் ஆற்றில் முங்கு நீச்சல் போட்ட எவருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம்.

என்னை மூன்று தடவை பழக வைத்தார். மூச்சை இழுங்க, மெதுவா முழுக்க விடுங்க, இப்பத் தம் கட்டுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, விடலாம். அப்போது எனக்கு ஒரு சந்தேகம். வியாழக்கிழமை இழுத்த மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், இவர் விட்ட பிறகு பிடிக்கச் சொல்கிறாரே? கேட்டேன். இரண்டு விதமாகவும் செய்வார்கள், இரண்டும் சரி, முக்கியம் குழாய் வரும் அந்த நொடியில் புதிதாக மூச்சை உறிஞ்சாமல் இருப்பதுதான் என்று விளக்கினார். இப்படிச் சின்னக் கேள்விக்கும் பதில் கிடைத்தால் மனசு தானாகவே அமைதியாகிவிடுகிறது.

பத்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், கையில் இருந்த ஊசிக் குழாய் வழியாக வலி மருந்து கொடுத்தார். டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தார். மார்ஃபின், சின்ன அளவு. கொடுத்த கையோடு உருவவில்லை. அது வேலை செய்ய இருபது நிமிடம் வேண்டும் என்று சொல்லி, ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றிக் குழாயைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பத்தரைக்கு வந்தார், சொன்ன சொல் தவறவில்லை. இழு, விடு, தம் கட்டு, ஒண்ணு. குழாய் வெளியே.

வலித்தது. இழுப்பும் இருந்தது, எரிச்சலும் இருந்தது, அவர் சொன்ன அதே வரிசையில். ஆனால் நான் கத்தவில்லை. மூச்சு என் கட்டுப்பாட்டில் இருந்தது. பத்துக்கு எத்தனை என்று கேட்டார். பரவாயில்லை என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு “நாலு” என்றேன். “வியாழக்கிழமை?” என்று கேட்டார். “ஒன்பது” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எதிர்க்கட்டில் பாட்டியிடம் போனார். நானும் கூடப் போய், என் சுருக்குப் பையை அவர் கையில் கொடுத்தேன். பாட்டி அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொன்றே முக்காலுக்கு அவருடைய குழாயும் போய்விட்டது. “அவ்வளவுதானா?” என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலில் எடுத்தது நெஞ்செலும்புப் பக்கக் குழாய்கள், பிறகு எடுத்தது விலாப் பக்கக் குழாய், அதனால் இரண்டையும் ஒப்பிட முடியாது என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். அதே உடம்பு, அதே வாரம், அதே வார்டு. மாறியது முன்கூட்டியே சொன்னதும், மருந்து கொடுத்த நேரமும், மொழியும்.

என் பேத்தி பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது “பாட்டி, இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்ல” என்று தன் பாடங்களிலிருந்து படித்துக் காட்டினாள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 28 நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 3,851 நோயாளிகளிடம், பன்னிரண்டு வகைச் சிகிச்சை முறைகளில் எது எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அதிகம் வலிப்பதாக நின்ற மூன்றில் நெஞ்சுக் குழாயை எடுப்பதும் ஒன்று. அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த ஒரு தாதியர் ஆய்வும் இருக்கிறதாம். என்ன நடக்கும் என்று நோயாளிக்கு முன்பே சொல்லி, மருந்து உச்சத்தில் வேலை செய்கிற நேரம் பார்த்துக் குழாயை எடுத்தால் வலி நன்றாகவே கட்டுப்படுகிறது என்று அதில் கண்டிருக்கிறார்கள். 2018-இல் வந்த தீவிர சிகிச்சை வழிகாட்டி ஒன்றில் ஐஸ் வைக்கும் முறையும், மூச்சுப் பயிற்சி போல உடம்பைத் தளர்த்தும் முறையும்கூட இருக்கின்றனவாம். ஆக, அந்தக் கெடா மிஸ்ஸி செய்தது கைவைத்தியம் இல்லை. புத்தகத்தில் இருப்பதை, உட்கார்ந்து, தமிழில் செய்தார்.

எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர்கள் முடிவு செய்ய வேண்டியது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சில வலி மருந்துகள் ஆகாது. சிலருக்கு மார்ஃபின் கொடுத்தால் மூச்சு மந்தமாகிவிடும். அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் கேட்பது நேரத்தைப் பற்றி. காலை ஆறு மணி மாத்திரை பதினொரு மணிக்கு எந்த அளவுக்குத் துணை வரும்? குழாய் எடுக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மருந்தை அதற்கு ஏற்றபடி முன்னே பின்னே நகர்த்தினால் செலவு கூடப்போவதில்லை. ஐஸ் பேக் எல்லா வார்டிலும் இருக்கிறது.

மொழி விஷயத்தில் எனக்கு ஒரு வேண்டுகோள். நான் இருந்த வார்டில், கட்டிலிலிருந்து தனியாக இறங்கி விழுந்துவிடாதீர்கள் என்று நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். நல்ல காரியம். அதே போல நெஞ்சுக் குழாய்க்கு ஒரு தாள் தமிழில் இருக்கக் கூடாதா? அறுவை சிகிச்சைக்கு முன்னால் விளக்கம் சொல்ல அழைக்கிறார்களே, அன்றைக்கே கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு அதையே ஒலிப்பதிவாகத் தொலைபேசியில் கேட்க வைக்கலாம். அதில் வலிக்கும் என்ற சொல் இருக்க வேண்டும். ‘அசௌகரியம்’ என்று எழுதாதீர்கள், தயவு செய்து. அந்தச் சொல்லை என் 67 வயதில் நான் ஒரு தடவைகூட வாயால் பேசியதில்லை. சுரீர் என்கிறது, எரிகிறது, இழுக்கிறது, குடைகிறது, விண் விண் என்று தெறிக்கிறது என்று நமக்கு வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! அவற்றைப் போட்டு எழுதினால் எந்தக் கிழவிக்கும் புரியும்.

மிஸ்ஸிகளுக்கும் ஒரு சின்ன அட்டை போதும். பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா, மலேசியா என்று எங்கெங்கிருந்தோ வந்து நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாரும் தமிழ் படித்துவிட்டு வர முடியாது, அவர்களுக்கு இருக்கும் வேலைக்கு அப்படிக் கேட்பதும் நியாயமில்லை. ‘மூச்சை இழுங்க’, ‘விடுங்க’, ‘தம் கட்டுங்க’, ‘முடிஞ்சது’ என்ற நான்கை அவர்கள் படிக்கிற எழுத்தில் எழுதித் தள்ளுவண்டியில் ஒட்டிவிட்டால், குழாயை இழுக்கும் முன் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இந்தப் பரவாயில்லையை மனதாரச் சொல்கிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். டாக்டர் பேசும்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மொழிபெயர்ப்பது நீங்கள்தான். அவர் வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எடுக்கப் போகிறீர்கள், அதற்கு முன் என்ன வலி மருந்து கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் அப்புறம் கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் கடைக்குத் திரும்பினேன். பாதி நாள்தான் உட்காருகிறேன், பெரிய கத்தரிக்கோலை இப்போது உதவிக்கு வரும் பெண் பிடிக்கிறாள். கழுத்துக்குக் கீழே தழும்பைப் பார்க்கிற வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஒரு அம்மாவின் கணவருக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை நடந்து குழாய் எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் அது எப்படி வலித்தது என்று மனைவியிடம் சொன்னாராம். அங்கே கேட்டபோது அவரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இடையில் ஒன்று, பெண்களுக்காக. போன தீபாவளி நெருக்கத்தில் எனக்குத் தாடையும் இடது தோளும் வலித்துக்கொண்டே இருந்தன. குனிந்து வெட்டுவதால் என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு தைத்தேன். அது இதயம். நெஞ்சில் வலி வந்தால்தான் மாரடைப்பு என்று இருந்துவிடாதீர்கள்.

மருத்துவமனைகளோ தாதியர் பள்ளிகளோ அந்தத் தாளைத் தமிழில் எழுத முன்வந்தால், படித்துப் பார்த்து எது புரிகிறது, எது புரியவில்லை என்று சொல்ல நான் வருகிறேன். என் வயதில் இன்னும் நாலைந்து பேரையும் கூட்டி வருகிறேன். ஒலிப்பதிவுக்குக் குரல் வேண்டுமென்றாலும் தருகிறேன். நம் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மதியம் மூன்று மணிக்கு மேல் தேக்கா மேல்தளத்துக்கு வரலாம். ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டியதில்லை. சுருக்குப் பை மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
தேக்கா தையல்காரர்
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியே தரப்பட்டுள்ளன)